சேர்ந்து சமைக்கும் குறிப்பில் பிள்ளையின் வேலை எது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து சமைக்கக்கூடிய சத்தான மதிய உணவுகள் என்று தங்கள் ஞாயிறு இதழின் குடும்பப் பக்கத்தில் வெளிவந்த குறிப்புகளை ஆவலோடு வாசித்தேன். நோக்கம் நல்லதே. ஆயினும் அவற்றுள் பாதி, ஒவனும் சீஸும் இல்லாத வீட்டில் செய்ய இயலாதவை. மீதிப் பாதியில் பிள்ளைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் வேலை, அம்மா சமைத்து முடித்ததைத் தட்டில் அடுக்குவது மட்டுமே. அதைச் சேர்ந்து சமைப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டப் பகுதியில் தாய் விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளையின் பையில் வைத்துவிட்டு மலைக்குப் போகிறாள். பாடசாலை ஒன்றரை மணிக்கு விட்டு பிள்ளை வீடு திரும்பும்போது அவள் இன்னும் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். ஆகவே குடும்பமாக அடுப்படியில் நிற்க வாய்ப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான். அந்த ஒரு நாளுக்கு ஏற்ற குறிப்பு, எங்கள் பிள்ளைகள் தினமும் உண்ணும் ரொட்டியிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து.

என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். ஒரு சுண்டு (அளவுப் பேணி) குரக்கன் (கேழ்வரகு) மா, ஒரு சுண்டு கோதுமை மா, அரைச் சுண்டு தேங்காய்ப்பூ, துருவிய கரட் ஒன்று, பொடியாக அரிந்த லீக்ஸ் ஒரு பிடி, அளவாக உப்பு. குரக்கனில் கல்சியம் மிகுதி. ஆனால் அதை மட்டும் பிசைந்தால் பிடிப்பில்லாமல் ரொட்டி உடைந்துவிடும் என்பதால் கோதுமை மா பாதிக்குப் பாதி சேர்கிறது. லீக்ஸின் மடல்களுக்கிடையே மண் ஒளிந்திருக்கும். நெடுக்காகப் பிளந்து கொடுத்தால் ஆறு வயதுப் பிள்ளை அதை ஒவ்வொரு மடலாக விரித்துக் கழுவும். எட்டு, ஒன்பது வயதினர் கரட் துருவலாம், விரல் நெருங்கும் கடைசித் துண்டைப் பெரியவர் வாங்கிக்கொள்ள வேண்டும். இளஞ்சூட்டுத் தண்ணீர் தெளித்துப் பிசைவதும், எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டுவதும் பிள்ளைகளுக்கே உரியவை. கல்லும் நெருப்பும் பெரியவருக்கு. 'கறுப்பு ரொட்டி' என்று குரக்கனைத் தள்ளிவைத்த என் பேரன், தான் தட்டியதை மிச்சமில்லாமல் உண்டான்; அதே மாவில் நான் தட்டியதை மட்டும் இன்றுவரை தொடுவதில்லை.

எங்கள் பகுதியில் விளையும் கரட்டும் லீக்ஸும் லொறி லொறியாகத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகின்றன. எங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில்தான் அவற்றைக் காண்பது அரிது.

ரொட்டியோடு வைக்க முளைகட்டிய பாசிப்பயறு நல்லது. சமவெளியில் ஒரே இரவில் எட்டிப் பார்க்கும் முளை, எங்கள் குளிரில் இரண்டு நாள்கூட எடுக்கும். வெள்ளிக்கிழமை காலை ஊறவைத்து, மாலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டி அடுப்பின் வெதுவெதுப்பு படும் இடத்தில் வைத்தால் ஞாயிறு மதியத்துக்கு ஆகும். துணி காயாமல் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால், நாம் மறந்தாலும் அது நமக்கு நினைவுபடுத்தும். பயறை அவித்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, அரிந்த வல்லாரையைக் கலந்து, இறக்கிய பின் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிய வேண்டும்.

தேசிக்காய் வெறும் சுவைக்காக அன்று. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர அதன் புளி உதவுகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கிறது. தேயிலை நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிள்ளைக்கு ரொட்டியோடு சாயத்தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தை விட்டு, தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிவைப்பது நல்லது என்பதைத் தங்கள் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் பல தாய்மாருக்குப் பயன்படும்.

இனி வரும் குறிப்புகளில் எந்த வயதுப் பிள்ளை எந்த வேலையைச் செய்யலாம் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அளவுகளைக் கிராமில் தராமல் சுண்டிலும் கரண்டியிலும் தாருங்கள். எங்களுக்குத் தெரிந்த தராசு கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் தொங்குகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.