திருவாதிரைக்காரனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார். உன் மகள் பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுத்தாள் என்று அம்மா கேட்கச் சொன்னாள். மொட்டை இன்னும் கல்யாண ஆல்பம் அனுப்பவில்லை. நீ கேட்டால்தான் அசைவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புனே பக்கத்து ரேடியோ தொலைநோக்கி ஜி.எம்.ஆர்.டி.யில் கேட்டிருந்த நேரம் கிடைத்துவிட்டது! போனில் சொன்னால் பாதியிலேயே "திருவாதிரை எப்படா வெடிக்கும்?" என்பாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

2023 மே 19 அன்று ஜப்பானின் இதாகாகி, எம்101 கேலக்ஸியில் ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் சாகும் நட்சத்திரத்தை, கண்டுபிடித்தாரே, அதைத்தான் பார்க்கப் போகிறேன். சுமார் 2 கோடி ஒளியாண்டு தூரம். சூப்பர்நோவா கணக்கில் அது பக்கத்துத் தெரு. "வெடித்தது வெடித்துவிட்டது, இன்னும் என்ன இருக்கிறது?" என்று பொங்கலுக்கு வந்தபோது கேட்டாய். எனக்கு வேண்டியது அதன் சுற்றுப்புறம்டா. சாவதற்கு முன் அந்த நட்சத்திரம் தன்னைச் சுற்றிக் கொட்டி வைத்த வாயு.

முதல் சில நாள், அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் ஹீலியம், நைட்ரஜன், கார்பன் அயனிகளின் மெல்லிய கோடுகள் பளிச்சென்று நின்றன. ஒரு வாரம் போல்தான், அப்புறம் மறைந்துவிட்டன. நட்சத்திரத்தை ஒட்டியே அடர்த்தியான வாயு இருந்திருக்கிறது, வெடிப்பு அதை விழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் கடைசிச் சில வருடங்களில் அது ஏகப்பட்ட பொருளை உதறியிருக்க வேண்டும். ஆனால் ஸ்பிட்சர் முதலான தொலைநோக்கிகளின் பழைய படங்களைத் தோண்டிப் பார்த்தால், சுமார் ஆயிரம் நாளுக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசிக்கும் ஒரு சிவப்பு சூப்பர் ராட்சத நட்சத்திரம்தான் தெரிகிறது. பெரிய சீற்றம் எதுவும் இல்லை. போதாததற்கு, எவ்வளவு வாயு என்று எக்ஸ்ரேயை வைத்துப் போட்ட கணக்கும் நிறமாலையை வைத்துப் போட்ட கணக்கும் பல மடங்கு வேறுபடுகின்றன. வாயு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லை என்பது ஒரு விளக்கம். எனக்கு அது மட்டும் போதாது என்று தோன்றுகிறது. தூக்கம் கெடுவது இதனால்தான்.

ரேடியோ எதற்கு என்றால், வெடிப்பின் அதிர்ச்சி அலை நொடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த மாதிரி நட்சத்திரம் சாதாரணமாக வெளிவிடும் காற்றோ நொடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர்தான் நகரும். பத்து என்றே வைத்துக்கொள். அலை ஒரு நாளில் கடக்கும் வாயு, நட்சத்திரம் ஆயிரம் நாளில் விட்டது! வெடித்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. அலை இப்போது மோதிக்கொண்டிருப்பது, சாவதற்கு இரண்டாயிரம் வருடம் முன்பு கிளம்பிய வாயுவோடு. அந்த மோதலில் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலையை உமிழ்கின்றன. வாயு அடர்த்தியாக இருந்தால் குறைந்த அதிர்வெண்ணை உள்ளேயே அமுக்கிவிடும். மெலிய மெலியத்தான் வெளியே விடும். எந்த அதிர்வெண் எப்போது வருகிறது என்று பார்த்தால் எவ்வளவு வாயு இருந்தது என்று சொல்லிவிடலாம். ஜி.எம்.ஆர்.டி.யின் பலமே அந்தக் குறைந்த அதிர்வெண்தான்.

ஒரு கவலை மட்டும் விடமாட்டேன் என்கிறது. அலை ஒரு இடத்தைத் தாண்டினால் தாண்டியதுதான். அந்தக் காலத்துக்கான சாட்சி மறுபடி கிடைக்காது. சிக்னல் வேறு மங்கிக்கொண்டே போகிறது. நம் நேரம் வரும் நாளில் செல்போன், சாட்டிலைட் இரைச்சல் புகுந்து கெடுக்காமல் இருக்க வேண்டும்.

உன் நட்சத்திரத்துக்கும் வருகிறேன். 2019 கடைசியில் திருவாதிரை திடீரென்று மங்கியபோது நள்ளிரவில் போன் போட்டு எழுப்பினாயே? அது வெடிப்பதற்கான அறிகுறி இல்லை. உடம்பிலிருந்து ஒரு பெரிய வாயுத் திரளை வீசியது, அது குளிர்ந்து தூசியாகி முன்னால் மறைத்தது. வெடிக்க இன்னும் ஒரு லட்சம் வருடம்கூட ஆகலாம். ஆனால் இப்படி வீசிக் கொட்டுவதுதான் என் முழு ஆராய்ச்சியும். நீ கிண்டலாகக் கேட்டுக்கொண்டிருந்தது சரியான கேள்விதான்டா.

பிப்ரவரி கடைசியில் அறிவியல் தினத்தை ஒட்டி ஜி.எம்.ஆர்.டி. இருக்கும் கோடத் கிராமத்தில் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வா. 45 மீட்டர் டிஷ், அடியில் நின்று பார்த்தால் கம்பி வலை வழியே வானம் தெரியும். ஊட்டி டூரில் முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்க இறங்காமல் பஸ்ஸிலேயே தூங்கினாயே, அதையும் இதையும் கட்டியவர் ஒரே ஆள், கோவிந்த் ஸ்வரூப். இந்தத் தடவை தூங்க விடமாட்டேன். புனேவிலிருந்து நாராயண்காவ் வரை பஸ் இருக்கிறது. அங்கே வந்து அழைத்துப் போகிறேன். டிக்கெட் போட்டதும் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே