நகரத் தலைவர்களும் ஊராட்சித் தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டா நகரங்களை ஒட்டிய ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு இணைப்பது பற்றி நாளிதழ்களில் பல செய்திகளும் வாசகர் கடிதங்களும் வந்துவிட்டன. இணைத்தால் நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று ஊராட்சி மக்கள் அஞ்சுகிறார்கள். இணைத்தால்தான் பாதாளச் சாக்கடையும் ஒழுங்கான சாலையும் வரும் என்கிறார்கள் நகரத்தை ஒட்டிப் புதிதாகக் குடியேறியவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியிலேயே கழிந்துபோவதால், இணைத்தாலும் இணைக்காவிட்டாலும் செய்தே தீரவேண்டிய ஒரு வேலை கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. எந்த நிலம் வீடாகலாம், எது வயலாகவே இருக்க வேண்டும், மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக வடியும் என்பதை நகரத்தின் மேயரும், சுற்றியுள்ள ஒன்றியக் குழுத் தலைவர்களும், ஊராட்சித் தலைவர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதே அந்த வேலை.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். டெல்டாவின் ஒரு நகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிராமத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஆறு மா நன்செய் இருக்கிறது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று மா சேர்ந்தால் ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஊரின் பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம், டெல்டாவில் எந்த நகரத்தின் ஓரத்தில் குடியிருப்பவரும் இதைத் தம் ஊர்க் கதை என்றே சொல்லக்கூடும் என்பதுதான்.

நகரத்தின் கடைசித் தெருக்களிலிருந்து இறங்கிவரும் வடிவாய்க்கால் ஒன்று எங்கள் வயல் ஓரமாகப் போய், கீழே ஆற்றில் சேர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குக் கீழே இருந்த நன்செய் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, மஞ்சள் பூசிய கற்கள் ஊன்றப்பட்டன. மனைப்பிரிவுக்குச் சாலை வேண்டுமே! வாய்க்காலின் குறுக்கே இரண்டு சிமென்ட் குழாய்களைப் பதித்து, மேலே மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். ஓர் ஆள் இறங்கிக் கைகளை விரித்து நிற்கக்கூடிய அகலத்தில் ஓடிய தண்ணீருக்கு இரண்டு குழாய்கள்! அந்த ஐப்பசி மழையில் குழாய்களின் வாயைக் குப்பையும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் எதிர்த்து ஏறியது. எங்கள் சம்பாப் பயிர் பத்து நாள் மூழ்கிக் கிடந்து அழுகியது. எங்களுக்கு மேலே நகரத்தின் கடைசி இரண்டு தெருக்களில் வீட்டு வாசல்படி வரை சாக்கடை கலந்த நீர் நின்றது. ஊராட்சி எல்லைக்குள் போட்ட ஒரு சாலை, மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடுகளை மூழ்கடித்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மனுவை எடுத்துக்கொண்டு அலைந்தேன். நகர அலுவலகத்தில், குழாய் பதித்த இடம் தங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றார்கள். ஊராட்சியில், வாய்க்காலில் கை வைக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை, நீர்வளத் துறையைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், அந்த வாய்க்கால் தங்கள் பதிவேட்டிலேயே இல்லை, அது ஒன்றியத்துக்கு உரியது என்றார்கள். சொன்னவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. பணியில் இருந்த காலத்தில் நானும் இப்படி எத்தனையோ மனுக்களில் 'உரிய துறைக்கு அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த மனுக்களைக் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு எங்கெல்லாம் அலைந்தார்கள் என்று அன்றைக்கு நான் யோசித்ததில்லை.

மற்ற ஊர்களில் இப்படி ஒரு தவறு நடந்தால் ஒரு தெருவோடு போகும், டெல்டாவில் அப்படியல்ல. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும் தண்ணீர், ஆறும் கிளையாறும் வாய்க்காலும் சிறு கன்னி வாய்க்காலுமாகப் பிரிந்து, ஏறக்குறைய சமதரையாகக் கிடக்கும் நிலத்தின் மேல் மிகக் குறைந்த சரிவில் ஊர்ந்து போகிறது. ஒரு முழம் மேடு போட்டாலே தண்ணீர் திசை மாறிவிடும். மேலூருக்கு வடிகாலாக இருப்பதே கீழூருக்குப் பாசன வாய்க்கால் என்பது இங்கே பல இடங்களில் உள்ள நிலை. ஆகவே நகரம் வெளியேற்றும் கழிவுநீர் அடுத்த ஊரின் நாற்றங்காலுக்குப் போகிறது. நடவு நடும் பெண்கள் காலெல்லாம் அரிப்பு என்கிறார்கள். நான்கு வழிச்சாலைகளும் புறவழிச்சாலைகளும் வந்த பிறகு, சாலையின் இருபுறமும் மனைகள் போடுவது இன்னும் வேகம் பிடித்திருக்கிறது. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரும் சாலையில் ஒருமுறை பகலில் பயணம் செய்தால் போதும், நான் சொல்வது விளங்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், நகரத்தோடு சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து உள்ளூர்த் திட்டப் பகுதியாக அறிவிக்க வழி செய்கிறது. அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017-இல் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் வரன்முறை என்பது ஏற்கெனவே நட்ட கல்லுக்குக் கட்டணம் வாங்கும் ஏற்பாடு. தண்ணீர் போகும் வழியை அது திறந்துவிடுவதில்லை. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நாம் எல்லோரும் வரவேற்றோம். எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை ஆகியவற்றுக்கு அது கதவை மூடியது. நன்செய் வீட்டுமனையாவதை அந்தத் தடைப்பட்டியல் தொடவில்லை. டெல்டா வயல்களை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது எது என்று கேட்டால், என் அனுபவத்தில் முதலில் வருவது வீட்டுமனைதான்.

இதைச் சேர்ந்து பேசுவதற்கென்றே அரசமைப்புச் சட்டத்தில் ஓர் அமைப்பு இருக்கிறது என்பதை வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட 243 இசட்.டி. பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டத் திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களை ஒன்றுசேர்த்து மாவட்டத்துக்கான வரைவுத் திட்டத்தைத் தயாரிப்பது அதன் பணி. அப்போது நிலப் பயன்பாடு, நீரைப் பகிர்ந்துகொள்வது, அடிப்படை வசதிகள், சுற்றுச்சூழல் என இரு தரப்புக்கும் பொதுவானவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அந்தப் பிரிவே கூறுகிறது. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர், ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுத்துக்கொள்பவர்களாக இருக்க வேண்டும். பத்து லட்சம் மக்கள்தொகையைத் தாண்டிய பெருநகரப் பகுதிகளுக்குத் தனியாகப் பெருநகரத் திட்டக் குழு உண்டு. தஞ்சாவூரும் கும்பகோணமும் அந்த அளவுக்குப் பெரியவை அல்ல. ஆகவே நமக்கு இருப்பது மாவட்டத் திட்டக் குழு ஒன்றுதான்.

அந்தக் குழு எப்படி இருந்தது என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2025 ஜனவரி 5-ஆம் நாள் ஊரகப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2016 அக்டோபரிலிருந்து 2025 தொடக்கம் வரையிலான எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், நகரமும் கிராமமும் தேர்ந்தெடுத்த தலைவர்கள் ஒரே நேரத்தில் பதவியில் இருந்தது மூன்று ஆண்டுகூட இல்லை. மாவட்டத் திட்டக் குழு உறுப்பினர்களுக்கான தேர்தலோ 2023 ஜூன் மாதத்தில்தான் நடந்தது. ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகுவதற்குள் ஒரு பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிட்டன.

சேர்ந்து செய்வது நம் அதிகாரிகளுக்கோ தலைவர்களுக்கோ தெரியாத வித்தை அல்ல. கொள்ளிடத்து மணலுக்கு அடியிலிருந்து எடுக்கும் நீர், கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் குழாய்களில் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்ற வேறுபாடு பாராமல் கடற்கரை ஊர்கள் வரை போகிறது. 2016 பிப்ரவரியில் கும்பகோணத்தில் மகாமகம் நடந்தபோது, தற்காலிகப் பேருந்து நிலையங்களும் வாகன நிறுத்தங்களும் நகரத்துக்கு வெளியே அமைக்கப்பட்டன. அது யாருடைய எல்லை என்று அப்போது யாரும் வழக்கு பேசவில்லை. அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அதற்கும் உட்காரத்தான் போகிறார்கள். மழை ஆண்டுதோறும் வருகிறதே, அதற்கும் உட்காரலாம் அல்லவா? இன்னும் பழைய காலத்துக்குப் போனால், சோழ நாட்டில் முதலாம் இராசராசன் வகுத்த வளநாடுகள் என்ற நிர்வாகப் பிரிவுகள் பலவற்றுக்கு ஆறுகளே எல்லை. உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட நிலம். அன்றைய நிர்வாகத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்து எல்லை போடலாம் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

தேர்தலும் திட்டக் குழுவும் முறைப்படி வரும்போது வரட்டும். அதுவரை மாவட்ட ஆட்சியர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மேயரையும் ஆணையரையும், நகரத்தை ஒட்டிய ஒன்றியங்களில் தலைவர்களோ தனி அலுவலர்களோ யார் பொறுப்பில் இருந்தாலும் அவர்களையும், நீர்வளத் துறைப் பொறியாளரையும், நகர் ஊரமைப்பு அலுவலரையும், பாசன விவசாயிகளையும் ஒன்றாக அழைத்துப் பேச வேண்டும். முதல் வேலையாக, வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் உள்ள வாய்க்கால்களையும், நீர்வளத் துறைப் பதிவேட்டில் உள்ளவற்றையும், ஒன்றியத்தின் கணக்கில் உள்ளவற்றையும் ஒரே வரைபடத்தில் ஏற்ற வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். பொருந்தாத இடங்களில்தான் குழாய்கள் பதிக்கப்படுகின்றன. அந்த வரைபடத்தை மாநகராட்சி அலுவலகத்திலும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் மாட்டிவைத்து, அதில் குறித்த வாய்க்காலின் முழு அகலத்தையும் விட்டுவைக்காத மனைப்பிரிவுக்கு யாரும் அனுமதி தரக் கூடாது. மனைப்பிரிவுகளிலிருந்து கிடைக்கும் வளர்ச்சிக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்த வடிகால் ஆற்றில் சேரும் வரை, எல்லை பாராமல் தூர்வாரச் செலவிட வேண்டும். கூட்டத்தில் எடுத்த முடிவுகளைக் கிராம சபையிலும், நகரங்களில் பகுதி சபையிலும் படித்துக் காட்டினால், யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பது மக்களுக்குத் தெரிந்துவிடும். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பெருந்தொகையும் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு நாள் காலையில், எங்கள் வாய்க்காலின் தலைப்பிலிருந்து அது ஆற்றில் விழும் இடம் வரை மேற்சொன்ன அனைவரும் நடந்து வந்தாலும் நல்லது. மொத்தத் தொலைவு நான்கு கிலோமீட்டருக்கு உட்பட்டதுதான். வாய்க்காலின் பழைய அகலம் குறித்த கிராம வரைபட நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அழைத்தால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஊரக வளர்ச்சித் துறை ஊழியர்,
காவிரி டெல்டா