அறையைத் திறக்கும் முன் காற்றை அளந்து காட்டுங்கள்

கோவிட்-19 நோயால் மூடியிருந்த பள்ளிகள், நூலகங்கள், சமுதாயக் கூடங்களை மீண்டும் திறக்க முடிவெடுத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

திறப்பு தொடர்பாக நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை வரி விடாமல் படித்தோம். வாசலில் உடல் வெப்பம் பார்க்க வேண்டும், கைக்குக் கிருமிநாசினி தர வேண்டும், தரையில் வட்டம் போட வேண்டும், மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தடுப்பு வைக்க வேண்டும், வாரம் இரண்டு முறை மருந்து தெளிக்க வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.

இந்த நோய் காற்றில் பரவுவது உங்களுக்குத் தெரியாததல்ல. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாடகர் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்திருந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் தொற்றியதாகக் கணக்கிட்டார்கள். இருவர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டு, காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுக்கும்படி கேட்டார்கள். 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே, இத்தகைய கட்டடங்களில் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வேண்டும் என்று எழுதியது. இவ்வளவுக்குப் பிறகும் நெற்றியில் வெப்பமானியை நீட்டுவதுதான் முதல் வேலை என்றால் எப்படி? அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். அப்போது அவருக்குக் காய்ச்சல் இருக்காது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. எந்த அறையைத் திறப்பதானாலும், ஆட்களை உட்கார வைத்துக் காற்றை அளந்து, வந்த எண்ணை அந்த அறையின் வாசலில் ஒட்டுங்கள்.

8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 144 கன மீட்டர். அதில் 40 பேர் உட்கார்ந்தால் நொடிக்கு 400 லிட்டர், அதாவது மணிக்கு 1,440 கன மீட்டர் வெளிக்காற்று வேண்டும். அறைக் காற்று முழுவதும் மணிக்குப் பத்து முறை மாற வேண்டும் என்று பொருள். 20 பேர் என்றால் ஐந்து முறை போதும். ஒரு வகுப்பை இரண்டு வேளையாகப் பிரிப்பதன் பயன் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. தரையில் போடும் வட்டம் ஒரு லிட்டர் காற்றையும் உள்ளே கொண்டு வராது.

நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடு அறையில் எவ்வளவு தேங்குகிறது என்று பார்த்தால், காற்று எவ்வளவு மாறுகிறது என்பது தெரிந்துவிடும். அதை அளக்க அகச்சிவப்பு உணரி உள்ள கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று போதும். முதலில் மீட்டரை வெளியே வைத்துப் பாருங்கள். 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) பக்கத்தில் காட்ட வேண்டும். வெகுவாக விலகினால் அளவுத்திருத்தம் செய்யாமல் உள்ளே கொண்டுபோகாதீர்கள். அறைக்குள் உட்கார்ந்திருப்பவரின் மூக்கு உயரத்தில், ஜன்னல், மின்விசிறிக்கு எதிரே இல்லாமல், யார் முகத்திலிருந்தும் அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். கதவும் ஜன்னலும் தினமும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். ஒரு பாடவேளை முடியும்போது 800-க்குள் நின்றால் நல்லது. எண் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால் அதை முடிவு எண்ணாகப் பதிய வேண்டாம், அந்த அறை அதன் உச்சத்தை இன்னும் காட்டவில்லை. காலி அறையில் அளந்து கையெழுத்துப் போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். காலி அறை எப்போதும் நல்ல எண்ணைத்தான் காட்டும்.

நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 40,000 பிபிஎம் இருக்கிறது. மீட்டர் 2,000 காட்டினால், அந்த அறையில் இழுக்கும் 25 மூச்சில் ஒரு மூச்சு பிறர் நுரையீரலிலிருந்து வந்தது. 800 என்றால் அது நூற்றில் ஒன்றாகக் குறைகிறது.

எண் கூடினால் காரணம் பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றி விடுகிறது. சீலிங் ஃபேன் காற்றைக் கலக்குமே தவிர மாற்றாது. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கதவுக்கு மேலேயே மாட்டினால், கதவு வழியாக வந்த காற்று அப்படியே வெளியேறிவிடும், கடைசி வரிசையில் தேங்கிய காற்று தேங்கியபடியே கிடக்கும். அதை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். பிளாஸ்டிக் தடுப்புகள் காற்றோட்டத்தை மறித்து ஒவ்வொரு மேசையிலும் காற்றைத் தேக்கிவிடக்கூடும். ஜன்னலே இல்லாத அறைக்கு, நுண்துகள்களை வடிகட்டும் ஹெப்பா காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். மேலே சொன்ன அறையில் 20 பேருக்கு மணிக்கு 720 கன மீட்டராவது சுத்தக் காற்று தரும் திறன் வேண்டும், அதுவும் பாடம் நடத்தும்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய வேகத்தில். பெட்டியில் அச்சிட்டிருப்பது முழு வேகத்தின் அளவு. இரைச்சல் தாங்காமல் ஆசிரியர் வேகத்தைக் குறைத்தால் அந்த அளவு கிடைக்காது. சுத்திகரிப்பான் ஓடினாலும் கார்பன் டை ஆக்சைடு எண் இறங்காது என்பதையும் அளப்பவருக்குச் சொல்லி வையுங்கள்.

இந்த ஊரில் இன்னும் கவனமாக இருப்பவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று பேசுவது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அவர்களில் ஒரு வகையினரைப் பற்றிச் சற்று நின்று யோசியுங்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட தாய். உடல் அதை நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரையை அவர் நாள் தவறாமல் எடுக்க வேண்டும். அதே மாத்திரையால் தடுப்பூசியும் அவருக்குச் சரியாக வேலை செய்வதில்லை. உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரிடம் நடத்திய, 2021-இல் வெளியான ஆய்வில், இரண்டு தவணைக்குப் பிறகும் 54 விழுக்காட்டினருக்கே எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. அவருடைய எட்டு வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். பெரியவர்கள் முகத்துக்குச் செய்த என்95 முகக்கவசம் அந்தக் கன்னத்தில் படியாது, மூக்கோரமும் தாடையோரமும் இடைவெளி விடும். அப்படியே சமாளித்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மூடிய அறையில் நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கழற்றுகிறார்கள், சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்கள். மாலையில் வீடு திரும்பும் பிள்ளை அம்மா பக்கத்தில் உட்காரக் கூடாது, அம்மாவோடு சாப்பிடக் கூடாது, வேறு அறையில் தூங்க வேண்டும். பள்ளியா, அம்மாவின் மடியா என்று ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். ஜன்னலைத் திறந்து, சாப்பாட்டைத் தாழ்வாரத்துக்கோ மரத்தடிக்கோ மாற்றினால் இந்தச் சுமையில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

வெளியில் தெரியும் வேலைக்கு மட்டும் பணம் ஒதுக்குவது நமது நிர்வாகங்களில் ஊறிப்போன பழக்கம். மருந்து தெளித்தால் படம் எடுக்கலாம், துருப்பிடித்த ஜன்னல் கொக்கியை மாற்றினால் யாரும் படம் எடுக்க மாட்டார்கள். மனிதர்மேல் கிருமிநாசினி தெளிப்பது எந்தச் சூழலிலும் கூடாது என்று 2020 மே மாதத்திலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அறைகளுக்குள் வழக்கமாகத் தெளிப்பதையும் அது பரிந்துரைக்கவில்லை. நுழைவாயிலில் தெளிப்புக் கூண்டு வைக்கும் யோசனை இன்னும் இருந்தால், தயவுசெய்து கைவிடுங்கள். அந்தத் தொகையில் மீட்டர் வாங்கலாம், திறக்க முடியாத ஜன்னல்களைச் சரிசெய்யலாம்.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கட்டடங்களின் குழாய்களையும் மறந்துவிடாதீர்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில், நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். தொட்டியைக் கழுவி, ஆட்கள் வரும் முன்பே ஒவ்வொரு குழாயையும் திறந்து பழைய நீரை முழுவதும் வெளியேற்றுங்கள். அந்த வேலையைச் செய்பவருக்கு என்95 கொடுங்கள், நீர்த்துளி தெறிக்கும்போதுதான் அந்தப் பாக்டீரியா மூச்சில் சேர்கிறது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திறக்கவே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் வகுப்புக்குப் போக வேண்டும், பெரியவர்கள் நூலகத்துக்கு வர வேண்டும். ஆட்களை உட்கார வைத்து அளந்த எண், அளந்த நேரம், அப்போது இருந்த ஆட்களின் எண்ணிக்கை, ஜன்னல் திறந்திருந்ததா என்ற விவரம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு அறையின் வாசலிலும் ஒட்ட வேண்டும் என்று திருத்திய சுற்றறிக்கை ஒன்றை, திறப்பு நாளுக்கு முன்பே வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். 800-ஐத் தாண்டிய அறையில் ஆட்களைக் குறையுங்கள், அல்லது காற்றுக்கு வழி செய்த பிறகு திறங்கள். அளக்க ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
காற்றோட்டப் பணியாளர்கள், நோயாளிகளைப் பராமரிப்போர், பெற்றோர்