கிளைக்கதைகளை வெட்டிவிடாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் நாவலின் முதல் ஐந்து அத்தியாயங்களும் வந்து சேர்ந்தன. எனக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. படிக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் உன் பக்கங்களைத்தான் முதலில் கையில் எடுத்தேன். உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கதைசொல்லி நடுநடுவே சொல்லும் குட்டிச் சம்பவங்களால் கதை நகரவில்லை, எடுத்துவிடலாம் என்று பதிப்பாசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை மறுபடி எடுத்துப் பார். 1966இல் வந்த நாவல், நாம் மாற்றி மாற்றிப் படித்தது. தாமோதர ஆசான் பழங்கதை சொல்ல, இளைஞர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். கதைசொல்லியும் அவர்களில் ஒருவன். மரத்தைச் சுற்றிக் கிடந்த குளம், மகாராஜாவின் வருகை, செல்லத்தாயின் சாவு எல்லாம் ஆசானின் வாய்வழியாகவே நமக்கு வருகின்றன. அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார், அது நமக்கும் தெரிகிறது. ஆனாலும் எது நடந்தது, எது அவர் சேர்த்தது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுவதே இல்லை. மரத்தின் வரலாற்றை ஆசிரியர் நேரடியாகச் சொல்லியிருந்தால் இரண்டு பத்தியில் முடிந்திருக்கும். ஆசான் சொல்லச் சொல்ல நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகி, மரத்தின்மேல் பாசம் வைத்துவிடுகிறோம். பிற்பாடு வியாபாரிகளான தாமுவும் அப்துல் காதரும் மோதிக்கொள்ளும்போது, மரத்துக்கு என்ன ஆகுமோ என்று மனசு பதறுவது அதனால்தான்.

உன் நாவலில் பெரியப்பா மோதிரம் தேடிக் கிணற்றில் இறங்கும் சம்பவம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். பெரியப்பாவைப் பற்றி இத்தனை கதை சொல்கிறவன், அப்பாவைப் பற்றி ஒன்றுகூடச் சொல்வதில்லை! அந்த வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்று அங்கேயே எனக்குப் பட்டுவிட்டது. நீ யோசித்துச் செய்தாயோ, தானாக வந்ததோ, அதைத் தொடாதே. பெரியப்பா கதைகளை எடுத்தால் அப்பாவைப் பற்றிய மௌனமும் போய்விடும்.

நான்காம் அத்தியாயத்தின் பள்ளிக்கூடச் சம்பவம் மட்டும் இடறுகிறது. சம்பவம் நல்ல சம்பவம். ஆனால் முடித்த கையோடு, அன்று தான் கற்றுக்கொண்டது என்ன என்று அவனே விளக்க ஆரம்பித்துவிடுகிறான். அதுவரை கூடவே வந்த எனக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது. அந்தக் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு, பையன் வாசலில் நிற்கும் இடத்திலேயே நிறுத்திப் பார்.

ஆறாம் அத்தியாயம் தயாராக இருந்தால் திருத்தம் பார்க்கக் காத்திராமல் அப்படியே அனுப்பு. அதில் அப்பா வருகிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்