ஓவியத்துல மரம், மண்ணுல இரும்பு: காமிக்ஸ் வரையுற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்புன பக்கமெல்லாம் பாத்தேன். 1630கள் ஹாலந்து, சர்ச் பக்கத்துல குழி தோண்டுறவன், பின்னாடி மழை மேகம், எல்லாமே அருமையா வந்துருக்கு. ஆனா அவன் கைல ஒரு ஸ்பேடு குடுத்துருக்க பாரு, அது இப்ப ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வர்ற சாமான். மண்ண வெட்டுற அலகு முழுக்க இரும்புத் தகடு. அந்தக் காலத்துல ஒரு குழிவெட்டிக்கு அவ்வளவு இரும்பு யாரு குடுப்பா?

ஓவியத்த நம்பி வரையலாமா, இல்ல தோண்டி எடுத்து மியூசியத்துல வச்சிருக்கத பாத்து வரையலாமான்னு கேட்டிருந்த. ரெண்டுலயும் பாதிப் பாதிதான் இருக்கு, அதான் சிக்கலே. மெசேஜ்ல அடங்காதுன்னு இங்க எழுதுறேன், உன்ன மாதிரி வரையுற வேற யாருக்காச்சும் பயன்படட்டும்.

முதல்ல அந்தக் காலத்து ஸ்பேடு எப்படி இருந்துச்சுன்னு சொல்லிடுறேன். நம்ம மம்பட்டி மாதிரி ஓங்கி வெட்டி நம்ம பக்கம் இழுக்குற கருவி இல்ல இது, காலால மிதிச்சு மண்ணுல இறக்கி அப்படியே நெம்பித் தூக்குறது. பிடியும் மரம், அலகும் மரம், பல நேரம் ரெண்டும் ஒரே கட்டைல செதுக்குனது. அலகோட கீழ் ஓரத்துக்கு மட்டும் ஒரு இரும்புப் பட்டை, U வடிவத்துல, உள்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும், அதுல மரத்தோட விளிம்ப சொருகி, தேவைப்பட்டா ஆணியும் அடிச்சு இறுக்கிடுவாங்க, மாட்டுக்கு லாடம் கட்டுற மாதிரின்னு வச்சுக்கயேன். இரும்பு விலை ஜாஸ்தி, மண்ணு பட்டுத் தேயுறதும் அந்த ஓரம்தான், தேஞ்சா கொல்லன்கிட்ட போயி பட்டைய மட்டும் மாத்திக்கலாம்.

இப்ப இது மண்ணுக்குள்ள போச்சுன்னா என்ன ஆகும்? மரம் மக்கிப் போயிடும். சேறு, கிணறு மாதிரி காத்து புகாத ஈரத்துல கிடந்தாதான் தப்பிக்கும். அகழாய்வுல பொதுவா கிடைக்கிறது அந்த U பட்டை மட்டும்தான், அதுவும் துரு ஏறி உப்பிப்போய் என்ன சாமான்னே தெரியாத கட்டியா வரும், எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாதான் உள்ள இருக்குற வடிவம் தெரியும். இதுல ஒரு அதிசயம், மரத்த ஒட்டி துரு ஏறும்போது சில நேரம் மரத்தோட நார் அமைப்பு அந்தத் துருவுலயே அச்சு மாதிரி பதிஞ்சிடும், அத மைக்ராஸ்கோப்ல பாத்து என்ன மரம்னு கூட சொல்லிடுவாங்க. ஆனா பிடி எவ்வளவு நீளம், மேல டி மாதிரி குறுக்குக் கட்டை இருந்துச்சா, கால் வச்சு மிதிக்கிறதுக்கு அலகோட மேல் ஓரத்துல தோள் மாதிரி நீட்டம் ரெண்டு பக்கமும் இருந்துச்சா இல்ல ஒரு பக்கம் மட்டுமா, இதெல்லாம் பட்டைய வச்சு ஓரளவுக்கு மேல சொல்ல முடியாது. அயர்லாந்துல உருளைக்கிழங்குக்கு பாத்தி போட்ட லாய்ங்கிற கருவிய பாத்தா அலகு ஒடுங்கி நீளமா, ஒரே பக்கம்தான் கால் வைக்க இடம் இருக்கும்.

இந்த மாதிரி விவரத்துக்கு ஓவியத்துக்கிட்டதான் போகணும். ஃபிளாண்டர்ஸ் ஓவியர் புரூகல் 1565ல வரைஞ்ச வசந்தகாலப் படத்த நல்லா ஜூம் பண்ணிப் பாரு, வியன்னா அல்பெர்டினா மியூசியத்துல இருக்கு. ஒரு பணக்காரத் தோட்டத்துல ஆளுங்க பாத்தி கட்டுறாங்க, முதுகு வளையிறது, கால் வைக்கிறது, கை எங்க பிடிக்குதுங்கிறது எல்லாம் இருக்கு. எந்த மியூசியப் பெட்டியிலயும் இந்த உடம்பு கிடைக்காதுப்பா.

ஆனா அதே படம் 1570ல அச்சுல வந்தப்போ செதுக்குனது வேற ஆளு, பீட்டர் வான் டெர் ஹெய்டன். வெளியிட்டது ஹியரோனிமஸ் காக்கோட அச்சுப்படக் கடை. புரூகல் 1569லயே செத்துட்டாரு. தகட்டுல செதுக்கி அழுத்துற அச்சுல இடம் வலமா மாறிடும், அதனால அச்சுப்படத்த வச்சு இவன் வலது காலால மிதிச்சான்னு அடிச்சுச் சொல்லாத, ஒருபக்கத் தோள் இருக்குற கருவின்னா அதுவும் திரும்பித்தான் தெரியும்.

இன்னொரு தொல்லை, கதை. உயிர்த்தெழுந்த இயேசுவ மகதலேனா மரியா தோட்டக்காரர்னு நினைச்சாங்கன்னு யோவான் நற்செய்தில வரும்ல, அந்தக் காட்சிய வரையாத ஆளே இல்ல, தோட்டக்காரர்னு காட்டணும்னா கைல கருவி வேணும். ஃபிளாரன்ஸ் சான் மார்கோ மடத்துச் சுவத்துல ஃப்ரா ஆஞ்சலிகோ தோள்ல களைவெட்டிய சாத்தி விட்டுருக்காரு. வெனிஸ்காரர் டிசியானோவும் 1514 வாக்குல களைவெட்டிதான் குடுத்தாரு, அந்தப் படத்த எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா முதல்ல தோட்டக்காரத் தொப்பியும் போட்டு அப்புறம் அழிச்சிருக்காரு! வடக்க வந்தா டியூரரும், 1638ல ரெம்பிராண்டும் தொப்பிய அழிக்காம வச்சு, கைல ஸ்பேடு குடுத்துருக்காங்க. அப்போ இத்தாலின்னா களைவெட்டி, வடக்குன்னா ஸ்பேடுன்னு ஃபார்முலா போட்டுடாத, பொலோன்யாவுல 1581ல லவீனியா ஃபொண்டானா வரைஞ்சதுல தொப்பியும் இருக்கு, ஸ்பேடும் இருக்கு. எனக்குத் தோணுறது, பெரும்பாலும் அவங்கவங்க ஊர்ல கண்ணால பாத்த சாமானத்தான் வரைஞ்சிருக்காங்க, ஆனா அது சேறு ஒட்டாத, தேயாத, பூஜைல வச்ச கருவி. தேஞ்ச ஓரம் வேணும்னா மண்ணுல கிடைச்சத பாரு.

கருவிய கருவிக்காகவே வரைஞ்சவங்களும் உண்டு. அக்ரிகோலாவோட சுரங்க நூல், அவரு செத்த மறுவருஷம் 1556ல பாசெல்ல அச்சாச்சு, அதுல கடப்பாரை, பிக்காசு, மண்ணள்ளுற ஷவல் எல்லாம் தனித்தனியா எழுத்துக் குறி போட்டு படம் இருக்கும் (அத 1912ல இங்கிலீஷ்ல கொண்டுவந்தது சுரங்க எஞ்சினியரா இருந்து பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான ஹூவரும் அவரு மனைவியும்). இங்கிலாந்துல ஜான் ஈவ்லின் தோட்டக்கலை பத்தி வருஷக்கணக்கா எழுதி முடிக்காமலே விட்ட கையெழுத்துப் பிரதியிலயும் தோட்டச் சாமான்கள் பக்கம் பக்கமா இருக்கு. அவரோட தோட்டத்த 1698ல வாடகைக்கு வந்த ரஷ்யாவோட ஜார் பீட்டர் நாசம் பண்ணதுதான் சோகம், வேலிக்குள்ள தள்ளுவண்டிய விட்டு விளையாடுனாராம்.

சரி, உன் பக்கத்துக்கு வருவோம். அலக மரமாக்கு, ஓரத்துல மட்டும் கருப்பா பட்டை, பட்டைய நேர்கோடா போடாத, ஒரு மூலை கொஞ்சம் தேஞ்சிருக்கட்டும். மரத்துல வெடிப்பு ஒண்ணு ரெண்டு இருந்தா நல்லது. அவன் போட்டிருக்குற பூட்ஸ் எனக்கு சரியாப் படல, மெல்லிசா இருக்கு, நாள் பூரா மிதிக்கிறவன் அத போட முடியாது. நாலாவது பக்கத்துல அவன் பொண்ணு கைல இருக்குற கூடை மட்டும் தொடாத, அது அப்படியே இருக்கட்டும். அடுத்த ட்ராஃப்ட் வந்ததும் அனுப்பு, கலர் போடுறதுக்கு முன்னாடியே அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்