புது ஐடிக்கு மதிப்பு இருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் விளையாட்டு என்றாலே நம் பத்திரிகைகள் ரம்மியைப் பற்றித்தான் எழுதுகின்றன. தப்பில்லை, குடும்பங்கள் அழிந்த விஷயம் அது, 2025 ஆகஸ்ட்டில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆனால் அந்தத் தடைக்கு வெளியே, பையன்கள் ஸ்குவாட் சேர்த்து ஆடும் சாதாரண விளையாட்டுகளில் நடக்கும் ஏமாற்று வேலையைப் பற்றி யாரும் எழுதக் காணோம். காவேரிப்பட்டணத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், இந்தப் பஞ்சாயத்து அடிக்கடி என் கடைக்கு வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஒருத்தன் பத்து ஐடி, அதாவது ஒரே விளையாட்டில் பத்து கணக்கு, வைத்திருக்கிறான். கம்ப்யூட்டரில் எமுலேட்டர் என்கிற மென்பொருளைப் போட்டு, பத்து ஃபோன் ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி ஓட்டுகிறான். அவன் தூங்கும்போது ஒரு புரோகிராம் ராத்திரி முழுக்கத் தானாகவே ஆடி, விளையாட்டுக்குள் இருக்கும் காசையும் பொருளையும் சேர்த்து வைக்கிறது. பாட் என்பது இதுதான். சேர்ந்ததை மெயின் ஐடிக்கு மாற்றிக்கொண்டு மிச்சத்தை வெளியே விற்றுவிடுகிறான். கம்பெனி ஒரு ஐடியை பேன், அதாவது தடை, செய்தால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று தயார். ஸ்கூல் விட்டு வந்து ஒரு மணி நேரம் ஆடுகிற பையன் இவனோடு எங்கே போட்டி போடுவது?

நெட்டில் இணையும்போது ஃபோனுக்குக் கிடைக்கும் அடையாள எண்ணான ஐபி முகவரியைத் தடுத்தால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. மொபைல் டேட்டாவில் பல சமயம் ஒரே பொது முகவரியை ஏராளமான பேருக்குப் பங்கு போட்டுத்தான் நெட்வொர்க் கம்பெனி கொடுக்கிறது. ஒருத்தனைத் தடுக்கப் போனால் சம்பந்தமே இல்லாதவர்கள் வெளியே நிற்பார்கள். மாட்டவேண்டியவனோ ஏர்பிளேன் மோடை ஒரு தடவை போட்டு எடுத்துவிட்டு வேறு முகவரியோடு உள்ளே வந்துவிடுவான்.

ஃபோனையே தடை செய்கிற முறையும் இருக்கிறது. அந்தக் கூத்தை என் கடைக்கு வந்தால் பார்க்கலாம். பையனுக்காக செகண்ட் ஹேண்டில் ஃபோன் வாங்கிய ஒரு அம்மா, ஃபேக்டரி ரீசெட் செய்தும் விளையாட்டு திறக்கவில்லை என்று கொண்டுவந்தார். முன்னால் வைத்திருந்த எவனோ ஏமாற்றி ஜெயிக்க உதவும் ஹேக் மென்பொருளைப் போட்டு மாட்டியிருக்கிறான், தண்டனை இந்தப் பையனுக்கு. புகார் கொடுக்கலாம் என்றால் ஆங்கிலத்தில் ஒரு படிவம், அதற்கும் தானியங்கிப் பதில்தான் வந்தது.

அப்போ ஆதாரைக் கட்டாயமாக்கிவிடலாமே என்று அடுத்து கேட்பார்கள். நம் மாநில அரசு பணம் கட்டும் விளையாட்டுகளுக்கு ஆதார் சரிபார்ப்பும் ராத்திரி 12 முதல் காலை 5 மணி வரை தடையும் கொண்டுவந்தது, பணம் புரளும் இடத்துக்கு அது சரி. எல்லா விளையாட்டுக்கும் அதையே கேட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தென்கொரியாவில் குடிமக்கள் பதிவு எண்ணைக் கொடுத்துத்தான் விளையாட்டில் கணக்கு தொடங்கினார்கள். 2011 நவம்பரில் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டின் சர்வருக்குள் யாரோ புகுந்ததில் 1.3 கோடிப் பேரின் விவரங்கள், அந்தப் பதிவு எண்ணோடு சேர்த்து, திருடு போயின. விளையாட வந்த பிள்ளையின் ஆதார் எண் அப்படிப் போனால் யார் பொறுப்பு? அதே நாடு ஒரு நல்ல காரியமும் செய்தது, 2016-இல் சட்டத்தைத் திருத்தி, ஹேக் தயாரித்துப் பரப்புகிறவனுக்கு ஐந்து வருடம் வரை சிறை என்றது. விற்பவனைப் பிடிக்க நினைத்தார்கள் பாருங்கள், அதை நாமும் செய்யலாம்.

ஒரு ஃபோன் நம்பருக்கு ஒரு ஐடி என்பது ஓரளவு நல்ல வழி. ஆனால் 2022-இல் ஓவர்வாட்ச் 2 என்ற விளையாட்டு வந்தபோது இதைச் செய்கிறேன் என்று சில வகை ப்ரீபெய்டு நம்பர்களை ஏற்க மறுத்தார்கள், ஆட்கள் சண்டை போட்டதும் பழைய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் தளர்த்தினார்கள். இங்கே பெரும்பாலானவர்கள் ப்ரீபெய்டுதான், அந்த மாதிரி விதி வந்தால் ஊரே வெளியே. அதோடு, ஒருவர் பெயரில் ஒன்பது சிம் வரை வாங்கலாம் என்று அரசே அனுமதிக்கிறது. எங்கள் தொழிலிலேயே சிலர் வேறு யார் பெயரிலாவது சிம் போட்டுக் கொடுக்கிறார்கள், மறைத்துப் பயனில்லை. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஒரு தடவை பாருங்கள், சிலருக்கு மயக்கமே வரும்.

என்னைக் கேட்டால், புது ஐடிக்கு மதிப்பே இல்லாமல் செய்வதுதான் வழி. முதல் சில வாரங்கள் பொருளை வேறு ஐடிக்கு அனுப்ப முடியாது, குறிப்பிட்ட லெவலுக்கு முன் தரவரிசைக்கான ரேங்க் ஆட்டம் கிடையாது என்று வைத்தால், பத்து ஐடி போடுகிறவனுக்குப் பத்து மடங்கு உழைப்பு, ஒரே ஐடி வைத்திருப்பவனுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் சேர்த்துப் பூட்டக் கூடாது, அது முக்கியம். ரூன்ஸ்கேப் என்ற பழைய கம்ப்யூட்டர் விளையாட்டில் பாட் தொல்லைக்குப் பயந்து 2007 கடைசியிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்குவதையே முடக்கிப்போட்டார்கள், நேர்மையாக ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள், 2011-இல் திரும்பத் திறக்க வேண்டியதாயிற்று.

அப்புறம், திரையைத் தட்டுகிற வேகத்தை வைத்து பாட் புரோகிராமைப் பிடிப்பது இப்போது கஷ்டம், மனிதன் மாதிரியே தாமதித்துத் தட்ட அதற்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். முப்பது வாய்க்கால் ஓடினாலும் எல்லாம் ஒரே ஏரிக்குத்தானே வந்தாக வேண்டும், அந்த ஏரி எது என்று கம்பெனியின் சர்வருக்குத் தெரியும். பிடித்த உடனே பேன் செய்யாமல் சேர்த்துவைத்து மொத்தமாகச் செய்வதையும் குறை சொல்ல மாட்டேன், எதனால் மாட்டினோம் என்று பாட் எழுதுகிறவனுக்குத் தெரியாமல் இருக்க அது உதவும்.

தெரிந்தும் ஏன் செய்யாமல் இருக்கிறார்கள் என்பதில் எனக்கொரு சந்தேகம் உண்டு. பத்து பொய் ஐடி என்றால் கணக்கில் பத்து வாடிக்கையாளர், விளம்பரக்காரரிடம் காட்ட அந்த எண்ணிக்கை உதவுமே. போதாததற்கு, சில விளையாட்டுகளில் ஆள் குறைந்தால் கம்பெனியே பாட் புரோகிராம்களுக்கு மனிதப் பெயர் வைத்து, ஆட்டத்துக்கு ஆள் சேரும் லாபிக்குள் இறக்குகிறது. பையன் நிஜ ஆட்களை ஜெயித்ததாக நினைத்து வீட்டில் பெருமை பேசுகிறான்.

விளையாட்டுகளுக்கான விதிகளை எழுதுகிற அதிகாரிகளிடம் உங்கள் செய்தியாளர்கள் இரண்டு கேள்வி கேட்டுப் போடுங்கள். கம்பெனி இறக்கும் பாட் புரோகிராமின் பெயருக்குப் பக்கத்தில் அது பாட் என்று எழுதச் சொல்வார்களா? தப்பாக பேன் ஆனவர் தமிழில் முறையிட்டால் ஒரு மனிதர் அதைப் படித்துப் பதில் சொல்ல ஏற்பாடு உண்டா?

இப்படிக்கு,
ஒரு மொபைல் கடைக்காரர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.