படிப்பகத்தை இரவு 9 மணி வரை திறக்கவும், எரிசக்தி சேவை ஒப்பந்தம் மூலம் நகராட்சிக் கட்டட மாடிகளில் சோலார் அமைக்கவும் கோரும் மனு

பெறுநர்: மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்கள்

அனுப்புநர்: நகராட்சிப் படிப்பகத்தில் மாலை நேரத்தில் படித்து வந்தவர்கள்

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் நேரில் கொடுத்த மூன்று மனுக்கள்

ஐயா,

வணக்கம். இது நான்காவது மனு. முதல் மூன்றுக்கும் எங்களிடம் ஒப்புகைச் சீட்டு இருக்கிறது, பதில்தான் இல்லை. மூன்றாவதைக் கொடுத்த அன்று, "கரண்ட் பில் கட்டவே நிதி இல்லை, இதில் சோலாருக்கு எங்கே போவது" என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். சரி, அதையே பதிலாக எடுத்துக்கொண்டோம். நகராட்சி முதலீடு போடாமலே இதைச் செய்ய ஒரு வழி இருக்கிறது. தயவுசெய்து கடைசி வரை படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

படிப்பகம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் அறை ஜன்னலைத் திறந்தாலே அதன் மொட்டை மாடி தெரியும். காலையிலிருந்து மாலை வரை நிழலே விழாத மாடி. தண்ணீர்த் தொட்டிகூட வடக்கு ஓரமாகத்தான் இருக்கிறது, பக்கத்தில் உயரமான கட்டடமோ மரமோ இல்லை.

1. கடந்த 14 மாதங்களாகப் படிப்பகத்தை மாலை 6 மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். கதவில் "மின் சிக்கன நடவடிக்கை" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. முன்பு இரவு 9 மணி வரை திறந்திருந்தது. எங்களில் பெரும்பாலானோர் பகலில் பட்டறையிலும் கடைகளிலும் வேலை பார்த்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். நாங்கள் வேலை முடிந்து வெளியே வரும் நேரமும் நீங்கள் பூட்டுகிற நேரமும் ஒன்று. ஓடி வந்தாலும் காவலாளி 5.45-க்கே ஃபேனை நிறுத்திவிட்டு நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருப்பார். அவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, சொன்னதைச் செய்கிறார்.

வீட்டில் படிக்கலாமே என்று கேட்பீர்கள். இதை எழுதும் என் வீடு ஒரே அறை. அம்மா விடியற்காலை 4 மணிக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டும், இரவில் நான் விளக்கைப் போட்டால் அவருக்குத் தூக்கம் கெடும். அப்புறம் இன்னொன்று: தேர்வுக்குத் தேவையான பெரிய புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி கிடையாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். ஆக எங்கள் வீட்டில் பத்து விளக்கு எரிந்தாலும், புத்தகம் உங்கள் பூட்டுக்குள் இருக்கிறது. ஆண்கள் நாங்கள் பேருந்து நிலையத் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் குறிப்பேடுகளையாவது புரட்டுகிறோம். எங்களோடு படித்த பெண்கள் அங்கே வந்து உட்கார முடியுமா? நான்கு பேர் படிப்பையே விட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் படித்தவர், எங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. அவர் இழந்த 14 மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது, ஐயா?

2. இந்தப் பூட்டினால் எவ்வளவு மின்சாரம் மிச்சமாகிறது என்று நாங்களே எண்ணிப் பார்த்தோம். கூடத்தில் 20 வாட் எல்இடி டியூப் லைட் 24, 75 வாட் ஃபேன் 16. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டாலும் 1,680 வாட். மாலை 6 முதல் 9 வரை மூன்று மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 5 யூனிட். வெறும் 5 யூனிட்.

3. ஒரு கிலோவாட் சோலார் பேனலுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் போதும். நன்றாக வெயில் அடிக்கும் இடத்தில் அது ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். படிப்பக மாடியில் பாதியைப் பயன்படுத்தினாலே 10 கிலோவாட் வைக்கலாம், அதாவது தினமும் 40 யூனிட். நெட் மீட்டர் (நாம் அனுப்புவதையும் எடுப்பதையும் எண்ணும் மீட்டர்) முறைக்கு அனுமதி கிடைத்தால், பகலில் மிஞ்சுவது மின்வாரியக் கம்பிக்குப் போய், அதில் வரவாக ஏறி, மாலையில் நாம் எடுப்பதில் கழியும். கரண்ட் போனால் இந்த வகை சோலாரும் நின்றுவிடும், கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதற்காக நாங்கள் பேட்டரி கேட்கவில்லை. எங்கள் பிரச்சினை மின்வெட்டு இல்லை, உங்கள் பில்.

4. நிதி. எரிசக்தி சேவை ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது, எஸ்கோ முறை என்பார்கள், சோலாருக்கு ரெஸ்கோ முறை என்றும் சொல்வார்கள். நிறுவனம் தன் பணத்தில் பேனல் வாங்கி, மாடியில் பொருத்தி, ஒப்பந்தக் காலம் முழுவதும் கழுவித் துடைத்துப் பராமரிக்கும். நகராட்சி, உற்பத்தியான யூனிட்டுக்கு மட்டும், இப்போது மின்வாரியத்துக்குக் கட்டும் விலையைவிடக் குறைந்த விலையில் பணம் கட்டினால் போதும். உற்பத்தி ஆகாத மாதத்துக்குக் காசு கிடையாது. 10 முதல் 20 ஆண்டு வரை ஒப்பந்தம் போடுகிறார்கள், அது முடிந்ததும் பேனல் நகராட்சிக்கே சொந்தமாகும்படி எழுதிக்கொள்ளலாம். பேனலின் ஆயுள் 25 ஆண்டுக்கும் மேல். அதாவது ஒப்பந்தம் முடிந்த பிறகு வருகிற மின்சாரத்துக்குப் பராமரிப்புச் செலவு மட்டும்தான்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, "சேமித்துத் தருகிறோம், அந்தச் சேமிப்பிலிருந்து எங்களுக்குக் கொடுங்கள்" என்று பரவத் தொடங்கிய முறை. பெர்லின் நகரம் 1996-லிருந்து தன் பள்ளிகளையும் அலுவலகங்களையும் தொகுப்புத் தொகுப்பாகச் சேர்த்து இப்படித்தான் மின் செலவையும் வெப்பச் செலவையும் குறைத்திருக்கிறது. அந்தத் தொகுப்பு என்பதைக் கவனியுங்கள். ஒரு படிப்பகத்துக்காக மட்டும் டெண்டர் விட்டால் எந்த நிறுவனமும் வராது, 10 கிலோவாட்டுக்கு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நகராட்சி அலுவலகம், பள்ளிகள், மருத்துவமனை, சமுதாயக் கூடம், நீரேற்று நிலையம் எல்லாவற்றையும் ஒரே டெண்டரில் சேர்த்தால் வருவார்கள். மாடிகள் எல்லாம் சும்மாதானே கிடக்கின்றன!

5. இதில் ஆபத்தே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. எழுத வேண்டியதை ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போட்டால் நகராட்சிதான் மாட்டிக்கொள்ளும். ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று குறைந்தபட்ச உற்பத்தி உறுதி வேண்டும், குறைந்தால் அபராதம் வேண்டும். உற்பத்தி மீட்டரை நகராட்சிப் பொறியாளரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். மாடியில் துளை போட்டு மழைநீர் ஒழுகினால் யார் சரிசெய்வது, மாடிக்கே பழுது பார்க்க நேர்ந்தால் பேனலைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது, நடுவில் இன்வெர்ட்டர் போனால் (பேனல் அளவுக்கு அது உழைக்காது, பத்துப் பன்னிரண்டு ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும்) யார் மாற்றுவது, ஆண்டுதோறும் யூனிட் விலையை எவ்வளவு வரை ஏற்றலாம், நிறுவனமே மூடிப்போனால் என்ன ஆகும், இவை எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். முக்கியமாகக் கட்டடத்தின் உறுதியை முன்கூட்டியே பொறியாளர் பார்த்துச் சான்று தர வேண்டும்.

நிறுவனங்களுக்கும் ஒரு பயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம்: நகராட்சி மாதா மாதம் பணம் தருமா என்பது. வரி வருமானத்தில் ஒரு பகுதி நேராகப் போய் விழும்படி தனிக் கணக்கு ஒன்றை வங்கியில் வைத்தால் அந்தப் பயம் குறையும், பயம் குறைந்தால் கேட்கும் விலையும் குறையும். நாள் முழுக்கப் பட்டறையில் நின்றுவிட்டு, பேருந்து நிலைய விளக்கில் உட்கார்ந்து நாங்கள் இவ்வளவையும் தேடிப் படித்து எழுதியிருக்கிறோம். அலுவலகத்தில் இதற்கென்றே பொறியாளர்கள் இருக்கிறார்கள், கணக்குப் பிரிவு இருக்கிறது. மூன்று மனுவில் ஒன்றையாவது யாராவது பிரித்தார்களா? முடியாது என்றாவது ஒரு வரி எழுதித் தந்திருக்கலாம். அதுகூட இல்லாமல் ஒவ்வொரு முறையும் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போவது எவ்வளவு அவமானமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

கோபத்தில் எழுதிவிட்டோம், மன்னிக்கவும். ஆனால் எழுதியதை அடித்து நீக்கவில்லை, அப்படியே விட்டுவிடுகிறோம்.

6. சோலார் வர டெண்டர், ஆய்வு, மன்றத் தீர்மானம் எல்லாம் ஆகி மாதங்கள் பிடிக்கும் என்பது எங்களுக்குப் புரிகிறது. அதுவரை பூட்டி வைக்காதீர்கள். 5 யூனிட்தான் ஐயா.

7. மாலையில் கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் நாங்களே முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். ஆள் இல்லாத வரிசையின் ஃபேனையும் விளக்கையும் அணைப்பது எங்கள் பொறுப்பு. எழுதித் தருகிறோம்.

ஆகவே, படிப்பகத்தை உடனே இரவு 9 மணி வரை திறந்து வைக்க உத்தரவிடுமாறும், நகராட்சிக் கட்டடங்களின் மாடிகளை அளந்து, ஒரு வருட மின் பில்களைச் சேர்த்து, எரிசக்தி சேவை ஒப்பந்தத்துக்கான முன்மொழிவை அடுத்த மன்றக் கூட்டத்தில் வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். இரண்டாவதற்கு நாள் ஆகட்டும். முதலாவதை இந்த வாரமே செய்துவிடுங்கள். எங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரே ஒரு தேர்வு பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
மாலை நேர வாசகர்கள்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், கூடத்தின் விளக்கு மற்றும் ஃபேன் கணக்கு, வாசகர்களின் கையெழுத்துகள்